மணிக்கு ஒரு சொட்டு

"ஹலோ… ஹலோ, மதிதானே?… ஆங், மாமா பேசறேன்… எந்த மாமாவா? உங்க அக்காவைக் கட்டிக்கினு இருபத்தாறு வருஷமா முழிச்சிக்கினு இருக்கேனே, அந்த மாமா… சிரிக்காத. நான் மெதுவாதான் பேசுவேன், நீ போனைக் காதோட ஒட்டி வெச்சிக்கோ… ஊர்லதான் இருக்கேன். வேட்டவலம் ரோட்டுல, கல்யாண மண்டபத்துல… யாருக்கும் கல்யாணம் இல்லம்மா, நம்ம சங்கத்துப் போட்டி… ஆமா, இன்னிக்குத்தான்… ஆமா, ஆமா, நாலு மணிக்கு."

திருவண்ணாமலை வட்டார ஆணழகர் நலச் சங்கத்தின் நிறுவனத் தலைவரும், நடப்புத் தலைவரும், அடுத்த தேர்தலில் போட்டியின்றித் தேர்வாகவிருக்கும் தலைவருமான பலராமன், மண்டபத்தின் மணமகள் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பேசினார். வயது ஐம்பத்துநான்கு. தொழில் சிமெண்டு வியாபாரம். ஒரு காலத்தில் அவருக்குக் கழுத்து இருந்தது; நாளடைவில் இரண்டு தோள்களும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. தொண்ணூற்றாறில் வாங்கிய ஆணழகன் பட்டை இப்போதும் கடையில், கல்லாவுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

பத்து நாளாக அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. தலைவர் புது ஸ்டைலில் இறங்கிவிட்டார் என்று பையன்கள் நினைத்தார்கள். தலைவரும் அவர்களைத் திருத்தவில்லை.

போனின் மறுமுனையில் இருந்தவர் டாக்டர் மதிவதனி. மனைவி உண்ணாமலையின் தங்கை. போளூர் ரோட்டில் கண் மருத்துவமனை வைத்திருக்கிறார். மாமாவுக்குப் பயப்படாத ஒரே ஜீவன்.

"ஒரு சின்ன சந்தேகம், மதி. எனக்கில்ல, நம்ம ஃப்ரெண்டு ஒருத்தருக்கு. அவருக்குக் கண்ணு உள்ளாற வீக்கம்னு சொல்லி டாக்டர் சொட்டு மருந்து குடுத்திருக்காங்க… எந்தக் கண்ணா? வலது… ஆமா, அவருக்கும் வலதுதான்… பேரு எதுக்கும்மா, வியாதி என்னா பேரு பாத்தா வருது?… வயசு, என் வயசு இருக்கும்… டாக்டரா? லேடி டாக்டர்தான்… போளூர் ரோடு… சரி, விடு. நான்தான்."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த மருந்து ஒடம்பை விட்டுப் போறதுக்கு எத்தினி நாள் ஆவும்?… எதுக்குன்னா… போட்டது உள்ள போவும் இல்ல, உள்ள போனது வெளிய வரணும் இல்ல… கண்ணு வழியா இல்லம்மா, கீழ… ஐயோ, மூத்திரத்துல மதி, மூத்திரத்துல!"

கடைசி வார்த்தை சற்று உரக்க வந்துவிட்டது. கதவைத் திரும்பிப் பார்த்தார். வெளியே ஒலிபெருக்கி பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்ததால் மானம் தப்பியது.

விஷயம் இதுதான். போன வருஷம் கீழ்பென்னாத்தூர் சக்திவேல், இருபத்திரண்டு வயதுப் பையன், சீக்கிரம் சதை ஏற வேண்டும் என்று எவனோ கொடுத்த ஸ்டீராய்டு ஊசியைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த மூன்று வாரமும் பலராமன் அவன் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அங்கே அவருக்கு வந்த கோபம் அசல் கோபம். அதற்குப் பிறகு அச்சடித்த ஃப்ளெக்ஸ்தான் கோபத்தை விடப் பெரிதாகிவிட்டது. மண்டப வாசலில் இருபதடி உயரத்தில் தலைவர் கைகூப்பி நிற்கிறார். கீழே சிவப்பு எழுத்தில்: 'ஒரு துளி ஸ்டீராய்டும் எம் மண்ணில் நுழையாது!'

இந்த வருஷம் அதற்கும் மேலே ஒரு படி போனார். வேலூரிலிருந்து ஆள் வரவழைத்து, மேடையேறும் முப்பத்தெட்டுப் பேருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. 'முதல் குப்பி தலைவருடையது' என்று நோட்டீஸில் போட்டிருந்தது. போடச் சொன்னதும் தலைவர்தான்.

அதை அச்சுக்குக் கொடுத்த மறுநாள்தான் வலது கண் சிவந்தது. மதிவதனி பார்த்துவிட்டு மருந்து எழுதினார். நான்கு நாள் விட்டுக்கொண்டபின், ஒருநாள் சாவகாசமாக மருந்து டப்பாவுக்குள் இருந்த சீட்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார் தலைவர். மூன்றாவது வரியில் 'ஸ்டீராய்டு' என்ற அந்த வார்த்தை இருந்தது.

"அதான் மதி, கேக்கறேன். இன்னும் முக்கால் மணி நேரத்துல டெஸ்ட்டு. ஊரே பாக்கும். அதனாலதான் நான் முன்கூட்டியே உஷாரா… ஆமா, நிறுத்திட்டேன்… எப்பவா? இப்பதான்… ஒரு ரெண்டு நாள் இருக்கும்… மூணு… செவ்வாக்கிழமைம்மா… ஆமா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்… எனக்கும் எண்ணத் தெரியும். அஞ்சு நாளு."

போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். அந்தத் தூரத்திலும் மச்சினியின் குரல் தெளிவாகவே வந்தது.

"ஆமா… ஆமா… ஆமாம்மா… சொன்னே. படிப்படியா கம்மி பண்ணிக்கினேதான் நிறுத்தணும்னு சொன்னே… மணிக்கு ஒண்ணு, அப்புறம் ரெண்டு மணிக்கு ஒண்ணு, அப்புறம் நாளைக்கு நாலு, மூணு… சீட்டுல கட்டம் போட்டுக் குடுத்தே… கலர் பென்சில்ல, ஆமா… சின்னக் கொழந்தைக்குக் குடுக்கற மாதிரி, ஆமா… ஆனா பசங்க எல்லாரும் அப்படித்தான் பண்றானுங்க மதி! டெஸ்ட்டுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி கப்புனு நிறுத்திடுவானுங்க. எத்தினி பேரை நானே புடிச்சிருக்கேன். அந்த டெக்னிக்தான்… என்னாது?… நானும் அவனுங்களும் ஒண்ணா? மரியாதையா பேசு… அது வேற, இது வேற… சரி. ஒண்ணுதான்."

கதவு தட்டப்பட்டது. தாழ்ப்பாளை நீக்கி ஒரு கோடு அளவு திறந்தார். செயலாளர் குமரேசன். தலைவரின் முதுகெலும்பு தானாக நிமிர்ந்தது. குரல் மேடைக்கு ஏறிக்கொண்டது.

"ஆமாங்க ஐயா! தங்களைப் போன்ற பெரியோரின் நல்லாசி ஒன்றே எங்கள் சங்கத்திற்குப் பெரும் சொத்து! தாங்கள் அவசியம் வருகை புரிய வேண்டும்!… யோவ் குமரேசா, பெரிய இடத்துலேந்து போன். என்னா?… மைக்கா? மேடைக்கு நடுவுல வெய்யி. வேற யாரும் தொட வேணாம். போ."

குமரேசன் போனார். ஒன்பது வருஷமாகச் செயலாளராக இருக்கிறார். இந்த ஒன்பது வருஷத்தில் மைக்கில் அவர் பேசியது மொத்தம் இரண்டு வார்த்தை: 'ஹலோ, செக்.'

"மதி, இருக்கியா?… உன்னை இல்லம்மா ஐயான்னது… சரி, நீதான் பெரிய இடம், ஒத்துக்கறேன். இப்ப சொல்லு, எனக்குள்ள அந்த சமாச்சாரம் இருக்கா, போயிடுச்சா?… எப்பவும் இருக்கா? அதெப்படி எப்பவும் இருக்கும்?… ஹார்மோனா?… எங்க?… கிட்னி மேலயா? தொப்பி மாதிரி?… யாருக்கு, எல்லாருக்குமா?… எனக்குமா?… மதி, வெளாடாத… தினமும் சுரக்குதா! காலைல ஜாஸ்தி, ராத்திரி கம்மி… அதுவும் அந்த ஸ்டீராய்டுலதான் சேத்தியா?… யாரைக் கேட்டு சுரக்குது?"

தலைவர் குனிந்து தன் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். ஐம்பத்துநான்கு வருஷமாகத் தன் சட்டைக்குள்ளேயே, தன் ஃப்ளெக்ஸுக்குப் பின்னாலேயே, இரண்டு தொப்பிக்காரர்கள் உட்கார்ந்து அனுமதியின்றி ஸ்டீராய்டு தயாரித்துக்கொண்டிருந்தது அவருக்குப் பெரிய அவமானமாகப்பட்டது.

"சரி, சொல்லு, கேக்கறேன்… ஆங்… பசங்க போட்டுக்கறது சதை ஏத்தற வகை… இது அதுக்கு ஒண்ணுவிட்ட பங்காளி, வேலை வேற… எரிச்சலை அடக்கறது… ஆங், புரியுது. ஒடம்பே தப்பா நெனச்சிக்கினு சொந்தக் கண்ணு மேல சண்டைக்குப் போவுது… அதான் செவப்பு, அதான் வலி… அப்ப இந்த ஹார்மோன் நடுவுல வந்து 'போதும் விடுங்கப்பா, அவனவன் வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லுது… உள்ள சுரக்கறது கண்ணுக்குப் பத்தல, அதனால அதே சாமானை வெளியிலேந்து சொட்டு சொட்டா அனுப்பறே… பலே. நல்லா சொல்றே, மதி. டீச்சர் வேலைக்குப் போயிருக்கலாம் நீ… அந்தப் பஞ்சாயத்துக்காரனைத்தான் நான் பாதி பஞ்சாயத்துல தொரத்திட்டேன்றே… ஆமா… அவன் போனதும் திரும்ப அடிச்சிக்கறானுங்க… ஆமா, முன்னைக்கு ஜாஸ்தியா."

மணமகள் நாற்காலியில் உட்கார்ந்தார். அது முனகியது.

"ஆனா டெஸ்ட்டுல மாட்டுமா, மாட்டாதா, அதைச் சொல்லு… தடையே இல்லியா?… மாத்திரை, ஊசின்னா தடை, கண்ணுல விட்டா தடை இல்ல… உலகம் பூராவுமா?… ஃபாரத்துல 'கண்ணுக்கு மருந்து போடறேன்'னு ஒரு வரி எழுதினா முடிஞ்சிச்சா?… ஒரு வரியா?… அப்ப நான் அஞ்சு நாளா…"

எதிரே அலங்காரக் கண்ணாடி. போன முகூர்த்தத்து மணமகள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் ஐந்தாறு அதன் ஓரத்தில் வரிசையாக இருந்தன. அவற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, வியாபாரிக்கே உரிய வேகத்தில் நஷ்டத்தை விழுங்கிவிட்டு எழுந்தார்.

"சரி, போனது போவட்டும். இன்னிக்கு நிகழ்ச்சி முடிச்சிட்டு ராத்திரி வந்து காட்டறேன்… வலியா? கொஞ்சம்தான்… வெளிச்சத்துல குத்துது, அதான் கண்ணாடி போட்டிருக்கேனே… பார்வை ஃபஸ்ட் க்ளாஸ்… சோதிக்கணுமா? போன்லயேவா?… இரு. இடது கண்ணை மூடிக்கினேன்… ஜன்னல்ல நம்ம ஃப்ளெக்ஸு தெரியுது. படிக்கவா? 'ஒரு துளி ஸ்டீராய்டும் எம் மண்ணில் நுழையாது. இவண், மு. பலராமன், தலைவர்.' ஒரு எழுத்து வுடல, போதுமா?… மனப்பாடமா? நான் எதுக்கும்மா மனப்பாடம் பண்ணப்போறேன்… நானே எழுதினேன்றதுக்காக… சரி, சரி, வேற சொல்லு, வேற எதைப் படிக்கறது?… மலையா?"

இன்னொரு ஜன்னலைத் திறந்தார். இந்த ஊரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கொஞ்சம் மலை கிடைக்கும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"மேகமா இருக்கும்மா. ஒரே வெள்ளையா மூடிக்கினு இருக்கு, உச்சியும் தெரியல, அடியும் தெரியல. சாயங்காலம் மழை வரும் போல… அங்க வெயிலா? போளூர் ரோட்டுல வெயிலு, இங்க மேகம், இதுல என்னா… சரி, கையை எடுக்கறேன்."

கையை எடுத்தார்.

மலை அப்படியே நின்றது. பங்குனி வெயிலில் ஒவ்வொரு பாறையும் தனித்தனியாகத் தெரிந்தது. வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. மறுபடி இடது கண்ணைப் பொத்தினார். மலை போயிற்று. எடுத்தார். வந்தது. மூன்று முறை செய்து பார்த்தார்.

"மதி."

"மதி, மலையைக் காணோம்மா."

இதைச் சொன்ன குரல் மேடைக் குரல் இல்லை. சிமெண்டுக் கடைக் குரலும் இல்லை. பலராமன் இந்தக் குரலைத் தானே பல வருஷமாகக் கேட்டதில்லை.

"இருக்கேன்… சொல்லு… கண்ணாடில பாக்கணுமா? இங்கயே இருக்கு… லைட்டு போடறேன்… ஸ்ஸ்… ஊசி குத்தற மாதிரி இருக்கு. இரு… கண்ணு பாப்பா தெரியுது. கறுப்பு வட்டம்… வட்டமா இல்ல, மதி. ஒரு பக்கம் இழுத்துக்கினு… வெத்தலை மாதிரி இருக்கு… எது எதோட ஒட்டிக்கிச்சு?… பாப்பா ஓரம், பின்னால இருக்கற லென்ஸோடவா… பிரியுமா?… இன்னிக்கே ஆரம்பிச்சா பிரியும்… அநேகமா… நாளைக்குன்னா?… சொல்லாத. வேணாம். எனக்குப் புரிஞ்சிச்சு."

மணி மூன்று இருபத்தைந்து.

"இப்பவே ஒரு சொட்டு, அப்புறம் மணிக்கு ஒண்ணு. சரி… உடனே கிளம்பி வரணுமா? பாப்பா விரியறதுக்கு வேற மருந்து நீ போடணும்… சரி. நாலு மணிக்கு பசங்களுக்கு உறுதிமொழி மட்டும் சொல்லிக் குடுத்துட்டு, நாலரைக்கெல்லாம்… ஒரு பத்து நிமிஷ உரை… சரி, அஞ்சு நிமிஷம்… இல்லியா? அதுகூட இல்லியா?… மதி, மைக்கை யாருகிட்டம்மா விட்டுட்டு வரது?"

பச்சைக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்பது போலக் கேட்டார். மதிவதனி சொன்ன பதில் சுருக்கமாக இருந்திருக்க வேண்டும். தலைவர் உடனே இறங்கி வந்தார்.

"ஆமா. கண்ணுதான் முக்கியம்… ஆமா, மைக்கு அப்புறம் கூட கெடைக்கும்… பாட்டிலா? இருக்கே… கைல இல்ல… வீட்டுலயும் இல்ல… ஜிம்முக்குப் பின்னாடி… அலமாரி இல்லம்மா. மண்ணுல… ஒரு ரெண்டடி ஆழத்துல."

தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சொல்றேன், இரு. செவ்வாக்கிழமை பசங்ககிட்டேந்து புடுங்கின ஊசி மருந்தெல்லாம் சேத்து குழி தோண்டிப் பொதைச்சோம். ரெண்டு பத்திரிகைக்காரங்க வந்திருந்தாங்க. 'தலைவர் முதல் பாட்டிலைப் போடணும்'னு குமரேசன் சொன்னான். பையில கைய விட்டேன், இது கைல வந்துச்சு. அந்த நேரத்துல எனக்கே ஒரு உணர்ச்சி வந்துடுச்சு, போட்டுட்டேன்… தோண்டலாம்தான். மேல ஒன்றரை மூட்டை சிமெண்டு போட்டு மூடியிருக்கு… என் கடை சிமெண்டுதான். ஒடையாது, காரண்டி… சிரி. நல்லா சிரி. பேஷண்டுங்க எல்லாம் பாக்கறாங்களா? பாக்கட்டும்… போதும்டி, எனக்கும் சிரிப்பு வருது, சிரிச்சா கண்ணு வலிக்குது!"

சிரித்தார். வலித்தது. மறுபடி சிரித்தார். பயம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே தாழ்ப்பாளைத் திறந்தார்.

"எதிர்லயே மெடிக்கல் இருக்கு, அருணகிரி கடை. அங்க வாங்கிடறேன். நீ லைன்லயே இரு, வெக்காத… சீட்டை வாட்ஸப்புல அனுப்பு."

கூடத்தில் முப்பத்தெட்டுப் பேரும், தசை எடுப்பாகத் தெரிவதற்காக உடம்பெல்லாம் பழுப்பு மை பூசி, எதிலும் ஒட்டிக்கொள்ளாதபடி கைகளை விரித்து நின்றிருந்தார்கள். புதுசாக வார்னிஷ் அடித்த அலமாரிகளுக்கு நடுவில் நடப்பது போல அவர்களுக்கு நடுவில் நடந்தார். படியில் இடறினார். வலது பக்கத்தில் படி இருந்ததே தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டுக் குமரேசன் பின்னாலேயே வந்தார். அவர் பின்னால் சக்திவேல். அவன் பின்னால், தலைவர் எங்கோ அவசரமாகப் போகிறார் என்பதால், மற்றவர்களும்.

மருந்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் பலராமன் கைகூப்பி நின்றார். 'இக்கடையில் ஸ்டீராய்டு விற்கப்படாது.' இப்படி ஊரில் பதினோரு கடைகளில் அவரே நின்று ஒட்டியது.

"யோவ் அருணகிரி, அவசரம். போன்ல வந்திருக்கு பாரு, இந்த சீட்டுல இருக்கற சொட்டு மருந்து ஒண்ணு எடு… கண்ணுக்குதான்… என்னா முழிக்கற? எடுய்யா."

அருணகிரி சீட்டைப் படித்தார். தலைவரைப் பார்த்தார். பிறகு, கண்ணாடியில் ஒட்டியிருந்த தலைவரின் நெற்றியில் விரலை வைத்துக் காட்டினார்.

"தெரியும்யா, நான்தான் ஒட்டினேன்… ஆமா, சத்தியம் வாங்கினேன்… 'நானே வந்து கேட்டாலும் குடுக்காத'ன்னு சொன்னேன்… சொன்னேன்யா! ஒரு வேகத்துல சொன்னேன்!… மதி, இவன் தர மாட்றான்… உன்னைத் திட்டலம்மா, இவனை… என்னாது அருணகிரி? யாருக்குன்னு கேக்கறியா? நல்லா இருக்கே, உனக்கு யாருக்குன்னு தெரியணுமா?"

திரும்பிப் பார்த்தார். சாலையின் இந்தப் பக்கம் முழுவதும் பழுப்பு உடம்புகள். ஒரு டவுன் பஸ் வேகம் குறைத்து, ஜன்னலுக்கு ஒரு தலை வீதம் நீட்டிக்கொண்டு கடந்தது. இதைவிடப் பெரிய கூட்டம் நாலு மணிக்கும் சேர்ந்திருக்காது. பலராமன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வலது கண் ரத்தச் சிவப்பாக இருந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"எனக்குத்தான்யா! ஸ்டீராய்டு! கண்ணுக்கு! போதுமா?… மதி, நான் கத்தல, சொல்றேன்… டேய், எல்லாரும் கேட்டுக்கோங்க. டாக்டர் குடுத்தாங்க, நான் நிறுத்திட்டேன். ஏன் நிறுத்தினேன்? டெஸ்ட்டுல மாட்டிக்குவேன்னு பயம். இப்ப இந்தக் கண்ணுல மலை தெரியல… சக்திவேலு, என்னடா சிரிக்கற? வா இங்க. நீ டாக்டரைக் கேக்காம ஆரம்பிச்சே. நான் டாக்டரைக் கேக்காம நிறுத்தினேன். ரெண்டு பேரும் ஒரே கழுதைதான். நீயாவது மூணு வாரத்துல எந்திரிச்சே."

சக்திவேல் சிரிப்பை நிறுத்திவிட்டான். கிட்டே வந்து, சிவந்த கண்ணையே பார்த்தான். அவனுக்குத் தொடத் தோன்றியது, கையில் மை.

அருணகிரி கீழே குனிந்து ஒரு சின்ன வெள்ளைப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மதி, குடுத்துட்டான்… இரு, இன்னொரு வேலை இருக்கு. குமரேசா… வாய்யா. உறுதிமொழியை நீ வாசி… ஆமா, மைக்குலதான். பின்ன எதுல?… மெதுவா வாசி, ஓடாத… மொதக் குப்பியும் நீதான். என்னோடதை நாளைக்கு எடுத்துக்கட்டும், நான் எழுதிக் குடுத்துடறேன்… ஏன் மூஞ்சி மாறுது? சுகர் மாத்திரையா? அதைத் தாராளமா எழுது, ஒரு வரிதான்… யோவ், அழாதய்யா, சொல்லு மதி, ஒண்ணுமில்ல, செயலாளர் அழறாரு… கண்ணு வலி இல்லம்மா, சந்தோஷம்… ஆட்டோ சொல்லியாச்சு, வந்துக்கினே இருக்கு."

பிறகுதான் கை போதவில்லை என்பது தெரிந்தது. இமையை இழுக்க ஒரு கை, பாட்டிலுக்கு ஒரு கை. போனை அருணகிரி வாங்கி, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, தலைவரின் காதோடு பிடித்துக்கொண்டார்.

"குலுக்கணுமா? எத்தினி தடவை?… குலுக்கிட்டேன்… ரொம்ப குலுக்க வேணாமா, சரி… அண்ணாந்துட்டேன். கீழ் இமையை இழுத்துட்டேன்… மேல பாக்கறேன்… எதையாவது பாருன்னா எதைப் பாக்கறது, ஃபேன்தான் இருக்கு… விழல. கன்னத்துல போச்சு… இரு, இன்னொரு தடவை… எவனும் பேசாதீங்கடா… ஆ! விழுந்துச்சு. விழுந்துச்சு மதி!… எரியுது… எரியட்டும்… மூடிக்கினேன். மூக்கோரமா விரல் வெச்சி அழுத்தணும்… அழுத்திட்டேன்… எத்தினி நிமிஷம்?… ரெண்டு. சரி… பேசவும் கூடாதா? ரெண்டு நிமிஷமுமா?… கண்ணுக்கும் வாய்க்கும் என்னாம்மா சம்பந்தம்?… மதி, இது உன் படிப்புல இருக்கா, இல்ல நீயா சேத்துக்கினியா?… அதில்லம்மா, பசங்க எல்லாம் நிக்கறானுங்க, இந்த ஹார்மோனைப் பத்தி ரெண்டே ரெண்டு வார்த்தை… ஹலோ?… மதி?… ஹலோ?"

அருணகிரி போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். மதிவதனி போனை வைத்துவிட்டிருந்தார்.

தலைவர் இடது கண்ணை மட்டும் திறந்தார். முப்பத்தெட்டுப் பேரும் செயலாளரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார்கள். வாயைத் திறந்தார். அருணகிரி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். இன்னும் ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி பாக்கி இருந்தது.